காசு முடிஞ்சா எங்க போறது? அமெரிக்க முதியோர் வதிவிடங்களும் பாதி வழியில் நின்ற சட்டமும்

சின்னம்மா நியூ ஜேர்சியில் ஒரு முதியோர் வதிவிடத்தில் பராமரிப்பு வேலை செய்கிறா. குளிக்க வார்க்கிறது, குளிசை எடுத்துக் குடுக்கிறது, சக்கர நாற்காலியில் வெளியில கூட்டிக்கொண்டு போறது. போன வருசம் ஒருநாள் போனில் கதைக்கேக்க குரல் ஒரு மாதிரி இருந்தது.

"இண்டைக்கு ஒரு அம்மாவின்ர சாமானெல்லாம் பெட்டியில அடுக்கினனடி. ஆறு வருசம் எங்களோட இருந்தவ."

"ஏன் சின்னம்மா, கடுமையா சுகமில்லையோ?"

"சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. காசு முடிஞ்சுது."

அவ்வளவுதான் சொன்னா. எனக்கு அந்தப் பதில் கனநாள் மனதை விட்டுப் போகேல்லை. எல்லாத்துக்கும் சட்டம், எல்லாத்துக்கும் வழக்கு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற நாட்டில், ஆறு வருசம் ஒரே அறையில் படுத்தெழும்பின ஒரு மனுசியைக் காசு முடிஞ்சுது என்று அனுப்ப ஏலுமோ? மூன்றாம் வருடத்தில் சமூகநல அரசின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டி வந்தபோது இதையே எடுத்துத் தேடினேன். பதில்: அனேகமான இடங்களில் ஏலும். ஏன் ஏலும் என்பதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்காவில் இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒன்று நேர்சிங் ஹோம்: இருபத்துநாலு மணித்தியாலமும் தாதியர் இருக்கிற, அரைவாசி ஆஸ்பத்திரி மாதிரியான இடம். மற்றது 'அசிஸ்டெட் லிவிங்'. அதாவது சொந்த அறை, சொந்தக் கதவு, சமைத்த சாப்பாடு, தேவைப்படுகிற அளவுக்கு உதவி. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் முதியோர் இல்லம்தான். யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் கைத்தடிதான் ஞாபகம் வரும், வேறு வகை பிரிக்கத் தெரியாது. ஆனால் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணுக்கு இவை இரண்டும் இரண்டு கிரகங்கள். சின்னம்மா வேலை செய்கிறது இரண்டாவது வகையில்.

கதை ஏழைகள் இல்லத்திலிருந்து தொடங்குகிறது. 1930கள் வரைக்கும் பிள்ளைகளும் காசும் இல்லாத ஒரு அமெரிக்க முதியவருக்குக் கடைசி இடம் கவுண்டி நடத்திய ஏழைகள் இல்லம். மனநோயாளர், குடிகாரர், அநாதைகள், முதியவர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே. அதற்குள் போவதென்றால் மானம் போச்சு என்று அர்த்தம். 1935இல் ரூஸ்வெல்ற் அரசாங்கம் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, இந்த இல்லங்களை ஒழிக்கவேண்டும் என்ற ஆசையும் அதற்குள் இருந்தது. அதனால் ஒரு நிபந்தனை போட்டார்கள்: அரச நிறுவனத்துக்குள் இருக்கிறவருக்கு முதியோர் உதவிப்பணம் இல்லை. வெளியில், வீட்டில் இருந்தால்தான் பணம்.

நோக்கம் நல்லது. ஆனால் வெளியில் வந்தவர்கள் எல்லாருக்கும் வீடு இருக்கவில்லை. கையில் மாதாமாதம் உதவிப்பணம் இருக்கிறது, படுக்க இடம் இல்லை. அப்படி ஆட்கள் கூடினால் என்ன நடக்கும்? தங்கள் வீட்டில் நாலு கட்டிலைப் போட்டு, அந்த உதவிப்பணத்தை வாங்கிக்கொண்டு ஆட்களை வைத்திருக்கிற தனியார் விடுதிகள் முளைத்தன. அமெரிக்க முதியோர் பராமரிப்பு பெரும்பாலும் தனியார் கையில் இருப்பதற்கு இந்த ஒரு வரி நிபந்தனை ஒரு முக்கிய காரணம். 1950இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, இப்படியான நிறுவனங்களுக்கு மாநிலங்கள் தர நியமங்களை வைக்கவேண்டும் என்றார்கள். 1965 யூலை 30 அன்று லிண்டன் ஜோன்சன் கையெழுத்திட்ட சட்டத்தோடு மெடிகெயாரும் மெடிக்கெயிட்டும் வந்தன. மெடிகெயார் முதியவர்களுக்கான மருத்துவக் காப்புறுதி. மெடிக்கெயிட் வறியவர்களுக்கானது, சமஷ்டி அரசும் மாநிலமும் சேர்ந்து காசு போடுவது. நீண்டகாலப் பராமரிப்புக்குக் காசு குடுத்தது மெடிக்கெயிட்தான், அதுவும் நேர்சிங் ஹோமுக்கு மட்டும். நேர்சிங் ஹோம்கள் காளான் மாதிரிப் பெருகியதில் ஆச்சரியமில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட ஏலாது. 1974இலிருந்து வறிய முதியவர்களுக்கும் வலுவிழந்தோருக்கும் எஸ்.எஸ்.ஐ. என்ற மாதாந்தக் கொடுப்பனவு நாடு முழுக்க வந்தது. அந்தக் காசை நம்பி மறுபடியும் சின்னச் சின்ன விடுதிகள். அங்கே நடந்த கேவலங்கள் வெளியில் வந்ததும் 1976இல் கான்சாஸைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் மார்த்தா கீஸ் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். எஸ்.எஸ்.ஐ. பெறுகிறவர்கள் கணிசமாக வசிக்கிற விடுதிகளுக்கு, பாதுகாப்பு, சுகாதாரம், குடியியல் உரிமைகள் பற்றி மாநிலங்கள் விதிகள் வைக்கவேண்டும். சரி, விடுதி அந்த விதியை மீறினால் என்ன தண்டனை? அங்கே வசிக்கிற முதியவரின் எஸ்.எஸ்.ஐ. கொடுப்பனவு குறைக்கப்படும்.

நான் இதை மூன்று தரம் வாசித்தேன், பிழையாக விளங்கிவிட்டேனோ என்று. பிழையில்லை. விடுதிக்காரர் கூரையைத் திருத்தாவிட்டால், கூரைக்குக் கீழே நனைகிற கிழவிக்குக் காசு வெட்டு. சமஷ்டி அரசிடம் விடுதியைப் பிடிக்கிற கை இல்லை, கிழவிக்கு அனுப்புகிற காசோலைதான் அதன் கையில் இருந்தது. அதனால் பிடிக்கக்கூடியதைப் பிடித்தார்கள். யாருமே அதை ஒழுங்காக அமுல்படுத்தவில்லை என்பது ஒரு வகையில் நல்லதுதான். 1989இல், குளோட் பெப்பரின் பெயரோடு பேசப்படுகிற காங்கிரஸ் உபகுழு அறிக்கை இந்த விடுதிகளின் நிலையை ஒரு தேசிய அவலம் என்றே தலைப்பில் எழுதியது.

நீதிமன்றப் பக்கமும் நம்பிக்கை தரவில்லை. பிலடெல்பியாவில் ஒரு நேர்சிங் ஹோமின் மெடிக்கெயிட் அங்கீகாரத்தை அரசு நீக்கியது. நாங்கள் வேறு இடத்துக்குப் போகவேண்டி வருமே, அதற்கு முதல் எங்களைக் கேட்கவேண்டாமா என்று அங்கே இருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1980இல் உயர் நீதிமன்றம் இல்லை என்றது. அரசின் நடவடிக்கை இல்லத்துக்கு எதிரானது, உங்களுக்கு வருவது அதன் மறைமுக விளைவு மட்டும்தான் என்பது நீதிமன்றத்தின் வாதம். ஓபனன் வழக்கு என்று சொல்வார்கள். நீதியரசர் பிரெனன் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். பெட்டி கட்டுகிறவருக்கு நேரடி விளைவு எது, மறைமுக விளைவு எது என்று எப்படித் தெரியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

இனித்தான் கெரன் பிரௌன் வில்சன் வருகிறா. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆளும் அவதான், மிகவும் கவலையான பகுதியும் அவவினுடையதுதான்.

கெரனுக்கு 19 வயதாக இருக்கேக்க அவவின் தாய் ஜெஸிக்குப் பாரிசவாதம் வந்தது. தாய்க்கு அப்போது வயது 55 தான். வீட்டில் வைத்துப் பார்க்கக் காசும் இல்லை, ஆளும் இல்லை. தாய் நேர்சிங் ஹோமுக்குப் போனா. எழும்புவது, சாப்பிடுவது, படுப்பது எல்லாம் நிறுவனத்தின் நேரத்துக்கு. எனக்கென்று ஒரு கதவு, உள்ளே பூட்டக்கூடிய ஒரு கதவு வேண்டும் என்பதுதான் தாயின் ஆசை. மகள் பிறகு முதுமையியல் படித்து, கணவரோடு சேர்ந்து அப்படி ஒரு இடத்தைக் கட்டினா. 1983இல் ஒறிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் பார்க் பிளேஸ் திறந்தது. 112 வீடுகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளிருந்து பூட்டுகிற கதவு, சின்னக் குசினி, சொந்தத் தளபாடம். உதவிக்கு ஆட்கள் இருப்பார்கள், ஆனால் தட்டிப்போட்டுத்தான் உள்ளே வரவேண்டும். எங்கட விடுதியில் வோர்டனே தட்டாமல் வருவா என்பதை யோசித்தால் இது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்கும்.

இது பணக்காரருக்கு மட்டுமான இடமாகத் தொடங்கவில்லை என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். 1981இல் மெடிக்கெயிட் சட்டத்தில் ஒரு வாசல் திறந்தது: நேர்சிங் ஹோமுக்குப் போகவேண்டியவருக்கு, அதற்குப் பதிலாக வீட்டிலோ சமூகத்திலோ பராமரிப்புக் குடுக்க மாநிலங்கள் விலக்களிப்புக் கேட்கலாம். ஒறிகன்தான் முதல் ஆளாக அதை எடுத்தது. வறியவர்களும் பார்க் பிளேஸ் மாதிரி இடங்களுக்குள் வரக்கூடிய வழி அதுதான். 1988இல் மாநிலம் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே இருந்தவர்களின் உடல்நிலை குறையவில்லை, மனநிலை கூடியிருந்தது, அரச உதவியில் இருந்தவர்களுக்கான செலவு நேர்சிங் ஹோமைவிட 20 வீதம் குறைவு.

ஆனால் அந்த வாசலில் ஒரு நிலைப்படி இருந்தது. நேர்சிங் ஹோமில் மெடிக்கெயிட் எல்லாத்தையும் கட்டும்: பராமரிப்பு, கட்டில், சாப்பாடு. இந்த விலக்களிப்பின் கீழ் பராமரிப்புக்கு மட்டும்தான் கட்டலாம், அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சமஷ்டி மெடிக்கெயிட் காசு போகக்கூடாது. அதை முதியவர்தான் கட்டவேண்டும். 2024இல் தனி ஆள் ஒருவருக்கு எஸ்.எஸ்.ஐ. மாதம் 943 டொலர். இதற்குள் வாடகையும் சாப்பாடும். அமெரிக்க வாடகை பற்றிச் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கோ, சிரிப்பினம்.

இப்ப 1987. அந்த வருட மார்கழியில் றேகன் கையெழுத்திட்ட நேர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் உண்மையிலேயே பெரிய திருப்பம். வதிவோர் உரிமைகள் என்று ஒரு பட்டியலே சட்டத்தில் ஏறியது. கட்டிப் போடக்கூடாது, காரணமில்லாமல் மயக்கமருந்து குடுக்கக்கூடாது. வெளியேற்றுவதென்றால் சட்டம் சொல்கிற குறிப்பிட்ட காரணங்களில் ஒன்று இருக்கவேண்டும், பொதுவாக 30 நாள் எழுத்து அறிவித்தல் வேண்டும், முதியவர் மேன்முறையீடு செய்து விசாரணை கேட்கலாம். காசு முடிந்து மெடிக்கெயிட்டுக்கு மாறினார் என்பது, மெடிக்கெயிட் ஏற்கிற இல்லத்தில், வெளியேற்றக் காரணமாகாது.

இதில் ஒரு சொல் கூட அசிஸ்டெட் லிவிங் பற்றி இல்லை. அப்போது அது சின்னப்பிள்ளை, ஒறிகனைத் தாண்டி ஆருக்கும் பெரிதாகத் தெரியாது. பிறகு அது வளர்ந்து, பெரிய வியாபாரமாகி, நாடு முழுக்கப் பரவினபோதும் சமஷ்டிச் சட்டம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒழுங்குமுறை முழுக்க மாநிலங்களின் கையில். 50 மாநிலம், 50 விதம், பெயர்கூட வேறு வேறு.

இந்த இடைவெளி எவ்வளவு என்பதை 1998–99 காட்டுகிறது. வென்கோர் என்ற பெரிய நிறுவனம் புளோரிடாவின் ரம்பாவில் இருந்த தன் நேர்சிங் ஹோமை மெடிக்கெயிட்டிலிருந்து விலக்கிக்கொண்டது. மெடிக்கெயிட்டில் இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட முதியவர்களைப் போகச் சொன்னார்கள். நாடே கொதித்தது, நிறுவனம் பின்வாங்கியது. அடுத்த வருடம் பங்குனியில் கிளின்ரன் கையெழுத்தோடு ஒரு திருத்தச் சட்டம் வந்தது. ஒரு இல்லம் மெடிக்கெயிட்டிலிருந்து விலகலாம், ஆனால் விலகுகிற நாளுக்கு முதல்நாள் அங்கே இருந்த எவரையும் அந்தக் காரணத்துக்காக அனுப்பக்கூடாது. அன்றைக்குச் சொந்தக் காசில் இருந்து பிறகு மெடிக்கெயிட்டுக்கு மாறுகிறவரையும்கூட. ஒரு அநியாயம் நடந்து ஒரு வருடத்துக்குள் அதற்கு அளந்து தைத்த சட்டம். இதுவும் நேர்சிங் ஹோமுக்கு மட்டும்.

திரும்பக் கெரனிடம் வருவோம். 1994இல் அவ அசிஸ்டெட் லிவிங் கொன்செப்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினா. வறியவர்களுக்கும் எட்டக்கூடிய வதிவிடங்களை நாடு முழுக்கக் கட்டுவதுதான் கனவு. கட்டக் காசு வேண்டும், அதனால் நிறுவனம் பங்குச்சந்தைக்குப் போனது. பங்குதாரருக்கு வேகம் தேவைப்பட்டது. கெரன் விலகினா, தன் பங்குகளை விற்றுத் தாயின் பெயரில் ஒரு அறக்கட்டளை வைத்தா. நிறுவனம் பிறகு கைமாறியது. 2009இல் நியூ ஜேர்சியின் பொதுமக்கள் வழக்குரைஞர் அலுவலகம் ஒரு விசாரணை அறிக்கையை வெளியிட்டது. காசு முடிந்து மெடிக்கெயிட்டுக்கு மாறினாலும் இங்கேயே இருக்கலாம் என்று நம்பி வந்தவர்களை, காசு முடிந்தபின் வெளியேற்றியது பற்றிய அறிக்கை. எந்த நிறுவனம்? கெரன் தொடங்கிய அதே நிறுவனம்.

இதை வாசித்த அன்று நான் நூலகத்தில் இருந்து எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் மிச்சத்தை வாசித்தேன். கதவுக்குப் பூட்டுப் போட்டுத் தந்த யோசனை அதேதான், ஆனால் திறப்பு இப்ப ஆற்றையோ கையில். அங்கே போகிற ஆள் முதலில் வீட்டை விற்பார். அந்தக் காசை மாதாமாதம் அந்த வதிவிடத்துக்கே கட்டுவார். ஐந்து, ஆறு வருசத்தில் கையில் 2,000 டொலருக்குக் கீழே வரும். பல மாநிலங்களில் மெடிக்கெயிட்டுக்கான சொத்து எல்லை அதுதான். அதாவது ஒருவர் தன் முழுச் சேமிப்பையும் எங்கே குடுத்து வறியவரானாரோ, அந்த இடமே வறியவர் என்று அவரை அனுப்புகிறது.

நடத்துநர்களுக்கும் ஒரு வாதம் இருக்கிறது. மெடிக்கெயிட் தருகிற காசு உண்மைச் செலவுக்குக் காணாது, கட்டாயப்படுத்தினால் வறியவர்களை முதலிலேயே எடுக்கமாட்டோம் என்பார்கள். காசு காணாது என்பதில் உண்மை இருக்கலாம். நேர்சிங் ஹோம் மாதிரி விதிகளைப் போட்டால் வதிவிடம் மறுபடி ஆஸ்பத்திரி ஆகிவிடும் என்ற இன்னொரு வாதத்தையும் நான் முழுக்கத் தள்ளமாட்டேன், கெரனின் தாய் தப்ப நினைத்ததே அதிலிருந்துதானே. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். விதிகள் பற்றிக் கதைத்தால் 'இது வீடு, நிறுவனமில்லை' என்கிறார்கள். வெளியேற்றம் பற்றிக் கதைத்தால் 'இது வாடகை வீடு இல்லை, இவர்கள் வாடகைக் குடியிருப்பாளர் இல்லை, அனுமதிக்கப்பட்டவர்கள்' என்கிறார்கள். வீடென்றால் வாடகைச் சட்டம் பாதுகாக்கவேண்டும், நிறுவனமென்றால் நிறுவனச் சட்டம் பாதுகாக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில நிண்டால் ஒண்டும் படாது.

சில மாநிலங்கள் தாங்களாகவே அசைந்தன. நியூ ஜேர்சி 2001இல், புதிதாக உரிமம் எடுக்கிற வதிவிடங்கள் 10 வீதக் கட்டில்களை மெடிக்கெயிட் ஆட்களுக்கு ஒதுக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. வாஷிங்டன் மாநிலம், 1999 சமஷ்டித் திருத்தம் மாதிரியே, மெடிக்கெயிட்டிலிருந்து விலகுகிற வதிவிடம் ஏற்கெனவே இருக்கிறவர்களை வைத்திருக்கவேண்டும் என்று எழுதியது.

சமஷ்டி அரசு கடைசியில் 2014 தையில் ஒரு ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. மெடிக்கெயிட் விலக்களிப்புக் காசில் சேவை நடக்கிற இடமென்றால் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கவேண்டும், வெளியேற்றத்துக்கு எதிராக அந்த மாநிலத்தின் வாடகைச் சட்டம் குடுக்கிற பாதுகாப்புக்கு ஒப்பானது இருக்கவேண்டும், கதவு பூட்டக்கூடியதாக இருக்கவேண்டும், எந்த நேரமும் சாப்பாடும் விருந்தாளியும் கிடைக்கவேண்டும். பூட்டுகிற கதவு! ஜெஸி கேட்டது சமஷ்டி விதியாக வர இத்தனை வருசம். அதையும் முழுக்க நடைமுறைப்படுத்தும் கெடு தள்ளித் தள்ளி 2023 பங்குனிக்குத்தான் வந்து நின்றது.

ஆனால் சின்னம்மா பெட்டி அடுக்கிய அந்த அம்மாவுக்கு இந்த விதி உதவாது. விதி பாதுகாப்பது மெடிக்கெயிட்டில் இருக்கிறவரை. சொந்தக் காசில் இருந்து, காசு முடிந்து, மெடிக்கெயிட் கேட்கப் போகிற அந்த ஒரு இடைவெளியில், 'எங்களிடம் மெடிக்கெயிட் இடம் இல்லை' என்று வதிவிடம் சொல்லிவிட்டால், அவ இன்னும் அந்த விதிக்குள் வரவே இல்லை.

எத்தனை பேர் இந்த இடங்களில் மெடிக்கெயிட்டோடு இருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கணக்காய்வு அலுவலகம் 2018இல் ஒரு அறிக்கையில் சொன்னது. 2014 தரவின்படி 48 மாநிலங்களில் 330,000 பேருக்கு மேல், செலவு 10 பில்லியன் டொலருக்கு மேல். அங்கே நடந்த பாரதூரமான சம்பவங்கள் எத்தனை என்று கேட்டதற்கு அந்த 48இல் 26 மாநிலங்களால் எண்ணிக்கை சொல்ல முடியவில்லை. 2023 ஆனியில் உயர் நீதிமன்றம் டலெவ்ஸ்கி வழக்கில், 1987 சட்டத்தின் உரிமைகள் மீறப்பட்டால் அரசுக்குச் சொந்தமான நேர்சிங் ஹோம்களுக்கு எதிராக வதிவோர் நேரடியாக வழக்குப் போடலாம் என்றது. ஏழுக்கு இரண்டு, தீர்ப்பை எழுதியவர் கெற்ரான்ஜி பிரௌன் ஜாக்சன். நல்ல தீர்ப்பு. ஆனால் வழக்குப் போட முதலில் சட்டத்தில் உரிமை எழுதியிருக்கவேண்டும். அசிஸ்டெட் லிவிங்கில் இருக்கிறவருக்கு அப்படி எழுதின சமஷ்டிச் சட்டம் எது?

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கிற நேரம் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுப்போட்டு, "அது கிடக்கட்டும், பெரியம்மம்மாவின்ர இடத்துப் பேப்பரை நீ பாத்தனியே?" என்றா. அம்மம்மாவின் தமக்கை ஊரில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் இருக்கிறா. மாதக் காசு கனடாவிலிருந்து மாமா அனுப்புகிறார், சில மாதம் பிந்தும். எங்கட நாட்டிலும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர் முதியவர், பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்கவேண்டும், பராமரிக்காவிட்டால் பராமரிப்புச் சபையிடம் போகலாம், முதியோர் இல்லம் நடத்துகிறவர் பதிவு செய்யவேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. அந்த இல்லமும் பதிவு செய்ததுதான்.

அம்மாவின் அலுமாரியிலிருந்து பேப்பரை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம், இரண்டு கையெழுத்து. மாதக் கட்டணம் இருக்கிறது, படுக்கை விரிப்பு இரண்டு கொண்டுவரவேண்டும் என்று இருக்கிறது, பார்க்க வருகிற நேரம் பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்து வரை என்று இருக்கிறது. கட்டணம் பிந்தினால் எத்தனை நாள் தருவினம் என்று முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. மாமாவுக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வருகிற ஞாயிறு அம்மாவோடு போய் நிர்வாகியிடம் அந்த ஒரு வரியை எழுதித் தரச்சொல்லிக் கேட்கப்போகிறேன்.